காலில்லாத பூச்சி

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7ஆம் நாள், திங்கட்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில், வன்னியூரணிப்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் ஏறத்தாழ மூன்றாண்டுகளாகச் சம்பளம் எதுவும் வாங்காமல் அமர்ந்து நோயாளிகளுக்கு உதவிவந்த செசிலி, கணவர் பெயர் சூசைமாணிக்கம், அவ்விடத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார். சொல்லப்பட்ட காரணம், மதப் பிரச்சாரம். புகார் கொடுத்தவர் யாரென்று தெரிவிக்கப்படவில்லை. புகாரின் நகல் காட்டப்படவில்லை. உன் தரப்பில் சொல்ல என்ன இருக்கிறது என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. உத்தரவு வாய்மொழியாக வந்தது. அதுவும் வாயிற்காவலரின் வாய்வழியாக வந்தது. இதுவே குற்றச்சாட்டு. இதன் நியாய அநியாயத்தைத் தீர்மானிக்க வேண்டியவர்களுக்கு, செசிலி யார், அந்த வாசலில் எதற்காக உட்கார்ந்தார் என்பது தெரிந்தாக வேண்டும்.

காளையார்கோவிலிலிருந்து காரைக்குடிக்கு வருகிற பாதையில், தார்ச்சாலையைவிட்டு உள்ளொடுங்கி இருக்கிற ஊர் வன்னியூரணிப்பட்டி. ஊருக்கு மேற்கே கண்மாய். கண்மாய்க்குள் பாதி தண்ணீர், பாதி சீமைக்கருவேலம். சூசைமாணிக்கம் அங்கே மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தொழிலைப் பழைய புத்தகக்கடையில் வாங்கிய ஒரு கிழிந்த புத்தகத்தைப் பார்த்தும், பிறருடைய மோட்டார்களைப் பிரித்தும் தாமே கற்றுக்கொண்டார். எரிந்துபோன மோட்டாரை அவிழ்க்கும்போது எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டிவைப்பார். வீட்டிலும் அதே வழக்கம். கரண்ட் பில், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்று, தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் வரிசையாக இருக்கும். "எம்பொண்டாட்டியத் தவிர எல்லாத்துக்கும் ரசீது வச்சிருக்கேன்" என்பார். "கல்யாணப் பதிவுல சாமியார் கையெழுத்து இருக்குல்ல, அதென்னவாம்?" என்பாள் செசிலி. அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீடுதான் அது.

மூத்தவள் ஜெரினா. அவளுக்குப் பிறகு நெடுங்காலம் பிள்ளையில்லாமல், ஓரியூர்க் கோவிலில் நேர்ந்துகொண்டு பெற்றவன் பிரிட்டோ. இருந்திருந்தால் இப்போது ஆறாம் வகுப்புப் படிப்பான்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றிவிட்டால் பாம்பு என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் வந்துவிடும் என்பது எண்ணம். அதனால் பூச்சி என்பார்கள். "கொல்லைப் பக்கம் பூச்சி கிடக்கும், பாத்துப் போ" என்றால் பிறந்த குழந்தைக்கும் எதைச் சொல்கிறார்களென்று தெரியும். இதில் கோவில் தெரு, தேவாலயத் தெரு என்ற வேறுபாடு கிடையாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற செசிலிக்கும் நாக்கு அப்படித்தான் பழகியிருந்தது.

2021 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, விறகுக் குவியலுக்குள் உருண்ட பந்தை எடுக்கக் கைவிட்ட பிரிட்டோ, கையை உதறிக்கொண்டு ஓடிவந்தான். விறகின் இடுக்கில் ஒரு வால் மெல்ல நழுவி உள்ளே போனதைச் செசிலி தன் கண்ணால் கண்டாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். அன்று பணியில் இருந்த செவிலியர் வேறு மாவட்டத்துக்காரர். வந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

"என்னாச்சும்மா?"

"பூச்சி கடிச்சிருச்சும்மா. கைல. வெரசாப் பாருங்க."

விரலில் இரண்டு சிறு புள்ளிகள் தவிர வேறொன்றும் இல்லை. வீக்கம் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. செவிலியர் ஓர் ஊசி போட்டார். சற்று நேரம் உட்காரவைத்தார். "ஊசி போட்டாச்சு. பயப்படாதீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். செவிலியர் போட்டது பூச்சிக்கடி அரிப்புக்கான ஊசி. செசிலி நினைத்துக்கொண்டது விஷமுறிவு ஊசி. இருவரும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொண்டதாகவே நம்பிப் பிரிந்தார்கள். தேவகோட்டையில் வேலைக்குப் போயிருந்த சூசைமாணிக்கம் திரும்பி வந்தபோது, பிள்ளை கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருந்தான். விடியும்போது அவனால் கண்ணிமையைத் தூக்க முடியவில்லை. காரைக்குடி மருத்துவமனைக்குப் போகிற வழியில் மூச்சு நின்றது.

அதற்குப் பிறகான மாதங்களைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. செசிலி பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் பாட்டு எழும்போது வாயைத் திறக்கமாட்டாள். பொழுது சாயத் தொடங்கினால் அவளுக்குக் கை நடுங்கும். ஜெரினா கொல்லைக் கதவைத் திறந்தால் கத்துவாள். சூசைமாணிக்கம் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, வீட்டைச் சுற்றி ஒரு புல் பூண்டு இல்லாமல் செதுக்கினார். அப்படியும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஒருநாள் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பங்குச்சாமி வடக்கத்தி மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவர். மண்டியிட்டு, "சாமி, நான் வார்த்தையை மாத்திச் சொல்லிட்டேன். பூச்சின்னு சொல்லிட்டேன். அதான் எம்புள்ள போயிட்டான்" என்றாள்.

மறைப்புக்கு உள்ளிருந்து சாமி கேட்டார், "எந்தப் பூச்சிம்மா?"

அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஆனால் செசிலிக்கு விளங்கிவிட்டது. அன்று மாலை யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஒருவர் கேட்டிருந்தால் போதும். அவள் பாவமன்னிப்புக்குக்கூடக் காத்திராமல் எழுந்து வெளியே வந்துவிட்டாள். சாமி வெளியே தலையை நீட்டி, "ஏம்மா, இன்னும் முடியலையே!" என்று கூப்பிட்டதைத் தெருவே கேட்டது.

மறுநாள் மாலையிலிருந்து அவள் சுகாதார நிலைய வாசலில் போய் உட்கார்ந்தாள். கடிபட்டு வருகிறவர்களைக் கண்டால் எழுந்து கேட்பாள். முதலில் நேராகவே, "பாம்பா?" என்று கேட்டாள். விளக்கு வைத்த நேரத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட பெண்கள் பதறினார்கள். "வாயக் கழுவு" என்று திட்டினாள் ஒருத்தி. சொல்ல மறுப்பவர்களிடம் உண்மையை எப்படி வாங்குவது என்று வீட்டில் நெடுநேரம் யோசித்தார்கள். கேள்வியைத் திருத்தியவள் ஜெரினா. "அந்தப் பேரைச் சொல்லத்தானம்மா மாட்டாங்க? பேரைக் கேக்காத. கால் இருக்கான்னு கேளு" என்றாள்.

கால் இருக்கிற பூச்சியா, காலில்லாத பூச்சியா? தேள், பூரான், குளவி என்றால் கால் உண்டு என்பார்கள். மற்றதென்றால், "காலில்லக்கா" என்று குரல் இறங்கும். செசிலி அதை உள்ளே போய்ச் சொல்வாள். அவ்வளவுதான் அவள் செய்த வேலை. மருத்துவர்களுக்கு அவள் பாடம் எடுக்கவில்லை. ஒரு சொல்லை ஒரு வாசலுக்குள் கொண்டு சேர்த்தாள். அவர்களும் அதைத் தாழ்வாக எண்ணவில்லை. "செசிலிம்மா, இன்னைக்குக் காலா, காலில்லையா?" என்று உள்ளேயிருந்தே கேட்குமளவுக்குப் பழகிப்போனார்கள். கடிபட்டவரைக் காரைக்குடிக்கு அனுப்பினால் கூடப் போவாள். வீட்டார் பதறி நிற்கும்போது மாற்றுத்துணி, வெந்நீர், செருப்பு என்று யாருக்கும் நினைவு வராதவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பார் சூசைமாணிக்கம். ஜெரினா பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசினாள். செசிலியின் நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் நடுங்குகிற நேரத்தில் இருக்க ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம்தான் பறிபோனது.

பறிபோனதற்கு மூலகாரணம் சூசைமாணிக்கத்தின் ஒரு பிழை, அதை மறைப்பதற்கில்லை. 2024 செப்டம்பரில் பிரிட்டோவின் மூன்றாம் ஆண்டு நினைவு. கத்தோலிக்க வீடுகளில் நினைவுநாளுக்கு அட்டை அடிப்பது வழக்கம்: மேலே சிலுவை, நடுவில் படம், கீழே ஆன்ம இளைப்பாற்றிக்கான செபம். அவர் அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருப்பானேன் என்று, கடிபட்டால் செய்ய வேண்டியவற்றை அச்சடித்தார். காகிதம் வீணாகக்கூடாது என்பது அவர் கணக்கு. அந்த அட்டையைத்தான் செசிலி வாசலில் கொடுத்தாள். பின்பக்கத்தைப் படித்தவர்கள் நன்றி சொன்னார்கள். முன்பக்கத்தை மட்டும் பார்த்த யாரோ ஒருவர் புகார் எழுதினார்.

அக்டோபர் 7ஆம் நாள் காவலர் சின்னக்கருப்பு அவளருகில் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யக்கா, நாளைலருந்து வராதீகன்னு சொல்லச் சொன்னாக."

"யாரு சொன்னா?"

"மேலருந்து டாக்டரம்மாவுக்குப் போன் வந்துச்சாம். நீங்க சாமி கும்பிட வைக்கிறீகன்னு."

"நான் யாரையாச்சும் கும்பிட வச்சேனா சின்னக்கருப்பு?"

"என்னையே மூணு வருசமா ஒரு தடவகூட வைக்கலையேக்கா" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் முடியாமல் திரும்பிக்கொண்டார்.

அடைமழை தொடங்கும் மாதம் அது. வளைகளில் தண்ணீர் இறங்க, உள்ளே இருப்பவை எல்லாம் மேட்டுக்கு, வீடுகளுக்கு ஏறிவரும். அந்த மாதத்திலா வீட்டில் உட்காருவது? செசிலி சாலைக்கு எதிர்ப்புறம் புஷ்பவள்ளியின் டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வாசலுக்குள் யார் போகிறார்கள் என்று அங்கிருந்து தெரியும். என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் எழுந்து நிற்பாள், பிறகு உட்காருவாள். எழுவதும் உட்காருவதுமாகப் பெஞ்சின் மறுமுனையில் இருப்பவரின் டீ சிந்தும்.

"ஏ செசிலி, எம்பெஞ்சைக் குத்தகைக்கு எடுத்தவ மாதிரி உக்காந்திருக்க. ஒரு டீயாவது குடிக்கிறியா? இருக்கிற யாவாரத்தையும் தட்டிவிடுற" என்றாள் புஷ்பவள்ளி. சொல்லிவிட்டு அவளே ஒரு டீயை ஆற்றி நீட்டினாள். அது ஆறிப்போய் அப்படியே இருந்தது.

உள்ளே இருந்த மருத்துவர் ராஜப்ரியா சென்னையில் படித்து வந்தவர், வயதில் இளையவர். அவர் கெட்டவர் அல்லர். பூச்சி என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும், செசிலியே சொல்லியிருக்கிறாள். ஆனால் காய்ச்சலும் பிரசவமும் வெட்டுக்காயமுமாகக் கூட்டம் நெரிக்கிற மாலையில், அது நினைவில் இருக்குமா? இந்தக் கேள்விதான் செசிலியை எழுந்து உட்கார வைத்தது.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். அன்று மாலை பிரிட்டோவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற மூவரும் புறப்பட்டார்கள். காலையெல்லாம் மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. ஜெரினா கையில் செவ்வந்திப் பூ, சூசைமாணிக்கம் கையில் மெழுகுவர்த்திக் கட்டு. சுகாதார நிலையத்தைக் கடக்கும்போது செசிலியின் நடை தளர்ந்தது.

"இன்னைக்கு ஒரு நாளு அவனுக்குன்னு இருக்கக்கூடாதா செசிலி?" என்றார் சூசைமாணிக்கம்.

"வாரேங்க. வந்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள். ஆனால் நின்றுவிட்டாள்.

ஒரு டி.வி.எஸ். வண்டி சேற்றை வாரியடித்துக்கொண்டு வாசலுக்குள் திரும்பியது. ஓட்டிவந்தவர் செங்கல் காளவாசலில் வேலைபார்க்கும் அழகுசுந்தரம். பின்னால் அவர் மனைவி. இருவருக்கும் நடுவில் அவர்கள் மகள் சத்தியப்பிரியா, காலில் துண்டு சுற்றியிருந்தது. "பூச்சி கடிச்சிருச்சு, பூச்சி கடிச்சிருச்சு" என்று தாய் சொல்லிக்கொண்டே இறங்குவது சாலைவரை கேட்டது.

செசிலி சாலையைப் பார்க்காமல் குறுக்கே ஓடினாள். சின்னக்கருப்பு இரண்டு கைகளையும் விரித்து வாசலில் நின்றார்.

"யக்கா, ஒங்க காலுல விழுறேன். உள்ள விட்டா எம்பொழப்புப் போயிரும்."

"நான் உள்ள வரலப்பா. நீ போ. நீ போய்க் கேளு."

"நானா? நான் எதைக் கேக்க?"

"மூணு வருசமா என் பக்கத்துலதான நிக்கிற! காலா, காலில்லையான்னு கேளு. அந்தப் புள்ளைகிட்டயே கேளு, பெரியாளுககிட்டக் கேக்காத. கேட்டுட்டு டாக்டரம்மா காதுல போடு. நிக்காதடா, ஓடு!"

காவலரை அவள் டா போட்டது அந்த ஒருமுறைதான். அவர் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

செசிலி கேட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே குழல்விளக்கும் ஒரு கட்டிலின் கால்மாடும் மட்டும் தெரிந்தன. செவிலியரின் வெள்ளைச் செருப்புகள் இங்குட்டும் அங்குட்டும் விரைந்தன. ஊசி போட்டுவிட்டார்களா? எந்த ஊசி? துண்டை அவிழ்த்தார்களா? கட்டு இறுக்கமாக இருந்தால் கால் கறுத்துவிடுமே, அதைச் சொல்ல மறந்தோமே! செபமாலையைக் கையில் எடுத்தாள். ஒரே மணியைத் திரும்பத் திரும்ப உருட்டினாள். எந்தச் செபத்தில் இருக்கிறோமென்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் சூசைமாணிக்கம் வந்து நின்றார். கையிலிருந்த மெழுகுவர்த்திகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் எழுப்பின. மனைவியின் கைதான் நடுங்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

சின்னக்கருப்பு மூச்சு வாங்க வந்தார். "அப்பன்காரன் தேளுங்குறான், ஆத்தாக்காரி பூரானுங்குது. புள்ளைதான்க்கா சொல்லுச்சு. காலில்லையாம். வழுவழுன்னு போச்சாம். டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேன். ரத்தம் எடுத்துக் குழாயில வச்சிருக்காக."

அந்தக் குழாயைச் செசிலி அறிவாள். கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து அசைக்காமல் நிறுத்திவைப்பார்கள். நேரம் கழித்துச் சாய்த்துப் பார்க்கும்போது உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர்போல வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது. அந்தக் காத்திருப்பை அவள் எத்தனையோ முறை உள்ளே, கட்டிலுக்குப் பக்கத்தில், ஏதோ ஒரு தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு கடந்திருக்கிறாள். இப்போது பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பிதான் இருந்தது. ஜெரினா வந்து அவள் கையைக் கம்பியிலிருந்து விடுவித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. பிள்ளையைத் தூக்கி ஏற்றும்போது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அழகுசுந்தரம் யாரையும் பார்க்காமல் பின்னால் ஏறினார். பிறகு மருத்துவர் ராஜப்ரியா கேட்டுக்கு நடந்து வந்தார்.

"ரத்தம் உறையலம்மா. உடனே மருந்து ஆரம்பிச்சுட்டேன். காரைக்குடியில சொல்லி வச்சிருக்கேன். பிழைச்சுக்குவா" என்றார். சற்று நின்று, "வாட்ச்மேன் வந்து சொல்றப்ப நான் ஒரு பிரசவக் கேஸைப் பாத்துக்கிட்டிருந்தேன். நர்ஸ் அலர்ஜி ஊசியைக் கையில எடுத்துட்டாங்க" என்றார்.

செசிலி செபமாலையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாளையிலிருந்து நீங்க பழையபடி வந்து உட்காருங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் மருத்துவர்.

செசிலி தலையை ஆட்டப் போனாள். அதற்குள் சூசைமாணிக்கம் கேட்டார், "இதை எழுதித் தருவீங்களா டாக்டர்?"

"எழுதினா மேல இருக்கிறவங்க என்னைக் கேள்வி கேட்பாங்களே."

"கேக்கட்டும்னுதான் சொல்றேன். கேட்டாத்தான் பதில் சொல்ல முடியும்."

மருத்துவர் திரும்பி உள்ளே நடந்தார். கல்லறைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் ஏற்றிய மெழுகுவர்த்திகள் உருகி முடிந்திருந்தன.

அன்றிரவே வீட்டில் சச்சரவு வந்தது. "வாயால போகச் சொன்னாக, வாயால வரச் சொல்றாக. எனக்கென்ன? நான் போய் உக்காருறேன்" என்றாள் செசிலி. "அந்தம்மா மேல்படிப்புக்குப் போகப் போகுது. அடுத்து வாரவரு ஒரு போன்ல ஒன்னைய எந்திரிக்கச் சொல்லுவாரு. அப்ப எதைக் காட்டுவ?" என்றார் அவர். "நீங்க காகிதத்துக்குக் காத்திருக்கீக. நடுவுல ஒரு புள்ள வந்துட்டா?" முடிவில் ஜெரினாதான் இரண்டையும் சேர்த்துவைத்தாள். அம்மா போய் உட்காரட்டும். ஆனால் சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் அல்ல, வாசலுக்கு வெளியே பொது வழியில். அப்பா எழுதட்டும்.

சத்தியப்பிரியா வீடு திரும்பிவிட்டாள். நினைவு அட்டை வாசலில் கொடுக்கப்படுவதில்லை; கடிபட்டால் செய்ய வேண்டியவை சிலுவையோ படமோ இல்லாமல் தனித்தாளில் அச்சிடப்பட்டுவிட்டன. அட்டையால் ஏற்பட்ட குழப்பம் தங்களுடையதே என்பதைக் குடும்பத்தார் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் மழை நிற்கவில்லை. செசிலி ஒவ்வொரு மாலையும் கேட்டுக்கு வெளியே, தலைக்கு மேல் கூரையின்றி, குடையைப் பிடித்தபடி நிற்கிறாள். உள்ளே போகிறவர்களை வழிமறிக்க அவளுக்கு உரிமையில்லை என்று நாளை ஒருவர் சொன்னால், அதற்கும் அவள் கட்டுப்பட வேண்டியிருக்கும். ஒரு பிள்ளை காப்பாற்றப்பட்டது ஒரு காவலர் வாசலை விட்டுவிட்டு ஓடியதால். அடுத்த பிள்ளைக்கும் அப்படி ஒருவர் ஓடுவார் என்று எந்த அலுவலகமும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே உரிய அதிகாரிகளிடம் கோரப்படுவது இது. அக்டோபர் 7ஆம் நாள் உத்தரவு யாரால், எந்த விதியின்படி பிறப்பிக்கப்பட்டது என்பதையும், புகாரின் நகலையும் அளிக்க வேண்டும். செசிலி அந்த வாசலில் அமரலாமா, கூடாதா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கூடாது என்றால், விளக்கு வைத்த பிறகு கடிபட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறவர் யார் என்று பெயரோடும் பதவியோடும் குறிப்பிட வேண்டும். தொலைபேசியிலோ, வேறொருவர் வாய்வழியாகவோ சொல்லப்படும் பதில் ஏற்கப்படமாட்டாது. முப்பது நாட்களுக்குள், கையொப்பமும் முத்திரையும் இட்ட பதில் எழுத்தில் வேண்டும்.